பொறுமை யாருடைய சொத்து?

வறியவன் வறியவனாயிருப்பதற்கு அவனுடைய பொறுமையின்மையே காரணமென்று உபதேசிப்போர் எக்காலத்தும் இருந்து வந்துள்ளனர். முன்னர் அவர்கள் தலைவிதியைத் துணைக்கழைத்தனர். இன்றோ உளநூலைத் துணைக்கழைக்கின்றனர்.

அமெரிக்க அறிஞர் வோல்ரர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். குழந்தையின் முன் தின்பண்டம் வைக்கப்பட்டது. உடனே வேண்டுமெனிற் சிறியது; ஆய்வாளர் திரும்பும்வரை பொறுத்திருந்தாற் பெரியது. நீண்ட நேரம் பொறுத்திருந்த பிள்ளைகளிடம் பின்னாளிற் பரீட்சைத் திறனும் மிகுந்திருந்ததென 1990இல் வெளியான ஆய்வு கூறிற்று. சுயகட்டுப்பாடு மாறாத பிறவிக் குணமென்று மிஷெல் கூறினாரல்லர். அதனைக் கற்பிக்கலாம் என்றே கூறினார். உபதேசிகளோ அதனை வறியவர்மீது குற்றப்பத்திரிகையாக்கினர்.

அப்பிள்ளைகள் யாவர்? பெரும்பாலும் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோரின் பிள்ளைகள்! பல்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. குடும்ப வருவாய், வீட்டுச் சூழல், இளமைக்கால அறிவாற்றல் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்டதும், பொறுமைக்கும் பிற்காலத் தேர்ச்சிக்குமிடையே தோன்றிய தொடர்பில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்து போயிற்று.

பொறுமை எங்ஙனம் பிறக்கிறது? 2013இல் வெளியான ரொச்செஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வு விடை தருகிறது. 28 சிறுவருக்குப் பழைய வர்ணக் குச்சிகளைக் கொடுத்து, காத்திருந்தால் நல்லவை தருவதாக வாக்களித்தனர். ஒரு சாராருக்கு வாக்குக் காக்கப்பட்டது; மறு சாராருக்குக் கைவிரிக்கப்பட்டது. பின்னர் இனிப்பை வைத்தபோது, வாக்குக் காக்கப்பட்டோர் சராசரி 12 நிமிடம் பொறுத்தனர். ஏமாற்றப்பட்டோர் 3 நிமிடமே பொறுத்தனர்.

ஏமாற்றப்பட்டவன் கையில் உள்ளதை உண்பது பலவீனமன்று. அனுபவம் கற்பித்த அறிவு. நாளைய கூலி நிச்சயமற்றவனிடம் பத்தாண்டுத் திட்டம் கேட்பது அறியாமை. அது இல்லையென அவனைப் பழிப்பது வஞ்சகம்.

விடாமுயற்சியை நாம் இகழவில்லை. அஃதின்றி எந்த இயக்கமும் வென்றதில்லை. ஆயினும் முயற்சிக்கு வேர் நம்பிக்கை. நம்பிக்கைக்கு நீர் காக்கப்பட்ட வாக்கு.

ஆசிரிய நண்பர்களே! மாணவனை ‘அக்கறையற்றவன்’ என எழுதுமுன், அவனுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிகளில் எத்தனை நிறைவேறின என வினவுங்கள். மாணவத் தோழர்களே! பொறுமையை உபதேசிப்போரிடம் கணக்குக் கேளுங்கள். வறியவன் காத்திருக்க வேண்டுமாயின், முதலில் உலகம் அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கட்டும்!