பஞ்சப்படியும் பட்டப்படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் தொழிலாளர் குடியிருப்புகளிலே ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு உலவும். "பிள்ளையை எதிலே சேர்த்திருக்கிறீர்கள்?" பொறியியல் என்றால் முகம் மலரும். செவிலியர் படிப்பு என்றால் தலை அசையும். பி.ஏ. பொருளாதாரம் என்று சொல்லிவிட்டாலோ, கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன், வேறு எதுவும் கிடைக்கவில்லையா?" என்பார்.

வேறெதுவும் கிடைக்காதவன் படிக்கிற படிப்பா அது? மாளிகையிலே இருப்போர் அப்படி எண்ணுவதில்லை. தங்கள் செல்வங்களை அதே பொருளாதாரம் படிக்க டில்லிக்கும் இலண்டனுக்கும் அனுப்புகிறார்கள். படித்துத் திரும்பியவர்கள்தாம் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கூலி தாங்கும், எந்த மானியம் கூடாது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். ஒரே படிப்பு, அங்கே செங்கோல், இங்கே செல்லாக்காசு! இந்த ஏமாளித்தனத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

பஞ்சப்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளிக்கும் அரசு ஊழியருக்கும் பஞ்சப்படியை நிர்ணயிக்கப் பயன்படுவது நுகர்வோர் விலைக் குறியீட்டெண். தொழிலாளர் குடும்பம் என்னென்ன வாங்குகிறது, எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று பார்த்து, விலை ஏற்றத்தை அந்த விகிதத்தில் நிறுத்து, ஓர் எண்ணாக்கித் தருகிறார்கள். அந்த எண் ஏறினால் பஞ்சப்படி ஏறும்; அது அசையாவிட்டால் சம்பளமும் அசையாது.

மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் 2020-ல் இந்தக் கணக்கைப் புதுப்பித்தது. 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசை போய், 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தது. பழைய கணக்கில் நூறு ரூபாய்ச் செலவில் உணவுக்கும் பானங்களுக்கும் 46 ரூபாய் என்று இருந்த பங்கு, புதிய கணக்கில் 39 ரூபாய் ஆயிற்று. இதன் பொருள் என்ன? அரிசி, பருப்பு, காய்கறி முதலிய உணவுப் பண்டங்களெல்லாம் பத்து விழுக்காடு விலை ஏறினால், அந்த வகையிலே பழைய கணக்குப்படி எண் 4.6 விழுக்காடு ஏறும். புதிய கணக்குப்படி 3.9 விழுக்காடுதான்.

இது வஞ்சகம் என்று உடனே முழங்கிவிட வேண்டாம். மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் நம் வீட்டுச் செலவு பெருகியிருப்பது நமக்கே தெரியும். அவற்றின் பங்கு கூடினால் உணவின் பங்கு குறையத்தான் செய்யும். ஆனால் இந்த மாற்றம் நியாயமா, எந்தக் குடும்பங்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள், நம் ஊர்க் கடைத்தெரு அதிலே சேர்ந்ததா என்று கேட்க நம் சங்கத்திலே எத்தனை பேர் இருக்கிறார்கள்? எதிரே இருப்பவர் அட்டவணையை விரிக்கிறார். நம்மவர் மேசையைத் தட்டுகிறார். தட்டுகிற கைக்குப் பக்கத்திலே அட்டவணையைப் படிக்கிற கண் வேண்டாமா?

வேண்டும் என்று பம்பாய்த் தொழிலாளர்கள் 1963-ல் காட்டினார்கள். கடைத்தெருவில் விலை ஏறிற்று. குறியீட்டெண் அதற்கு ஈடாக ஏறவில்லை. எண் பொய் சொல்கிறது என்று சங்கங்கள் கிளம்பின, நகரமே கிளர்ந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் லக்டாவாலா தலைமையிலே நிபுணர் குழு அமைக்க வேண்டி வந்தது. கணக்கிலே குறை உண்டென்று அந்தக் குழுவே கண்டது. பிழையை முதலிலே அறிந்தது தொழிலாளியின் வயிறு. அதை மெய்ப்பித்தது பொருளாதாரக் கல்வி. போராட்டம் இல்லாமல் குழு வந்திராது. கணக்கறிந்தவர் இல்லாமல் பிழை ஏட்டிலே ஏறியிராது.

"அப்படியானால் கல்லூரியிலே சொல்லித்தருவதை அப்படியே படித்துவிட்டால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது! அதற்கும் சான்று இருக்கிறது. 2008 செப்டம்பரில் அமெரிக்காவிலே லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது, உலகமே ஆட்டங்கண்டது, நம் திருப்பூர் வரை அந்த அடி விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்ற எலிசபெத் மகாராணி, இது வருவதை ஏன் ஒருவரும் காணவில்லை என்று கேட்டார். அரசியாயினும் பாமரர் கேட்கிற கேள்வி! அறிஞர்கள் 2009-ல் எழுதிய பதிலின் சாரம், அறிவாளிகள் பலர் கூடியிருந்தும் ஆபத்தை முழுமையாகக் கற்பனை செய்யத் தவறினார்கள் என்பதே.

பேராசிரியர்கள் தலை குனிந்த இடத்திலே மாணவர்கள் தலை நிமிர்ந்தார்கள். 2011 நவம்பர் 2-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மன்கியூவின் முதல்நிலைப் பொருளாதார வகுப்பிலிருந்து மாணவர் கூட்டம் ஒன்று எழுந்து வெளியேறியது, ஒரு பக்கத்துப் பாடம் மட்டுமே சொல்லித்தரப்படுகிறது என்று. 2012-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். உலகம் சரிந்து கிடக்கிறது, எங்கள் வகுப்பறையிலே அந்தச் சரிவைப் பற்றிப் பேச்சே இல்லையே என்பது அவர்களின் குறை. ஒரே கொள்கையைக் கற்பிக்காதே, பொருளாதாரத்தின் வரலாற்றைச் சொல், மாற்றுக் கருத்துகளையும் சொல் என்பது அவர்களின் கோரிக்கை. ஆலைகளின் தாயகமாகிய அந்த ஊரிலே அந்தக் குரல் எழுந்தது பொருத்தந்தான்.

மான்செஸ்டர் மாணவர்கள் கேட்ட மெய்யுலகப் பாடம் நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்திலே பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். இலண்டன் புத்தகத்தை ஒப்பிக்க வைப்பதோடு அவர் நிற்கவில்லை. மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி என்ன, கடன் எவ்வளவு, மக்கள் உண்பது என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் அப்படி ஏட்டிலே ஏறின. 1918-ல் நூலாக வந்த அந்தக் கணக்கைப் பின்னே வந்தவர்கள் மறுபடி மறுபடி எடுத்தார்கள். இருவேல்பட்டை 2008-லும் அளந்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு மாற்றத்தை ஒரே ஊரிலே காணும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

அன்று கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டார். நிலம் உள்ளவன் பிள்ளை கேட்டான், நிலம் இல்லாதவன் பதில் சொன்னான். இன்று கூலிக்காரர் மகள் கல்லூரியிலே இருக்கிறாள். கந்துவட்டி எப்படி ஏறும் என்பது அவளுக்குப் பாடமல்ல, பட்ட அனுபவம். அவள் கையிலே அந்த வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள், எத்தகைய கேள்விகள் பிறக்கும்!

இது வெறுங்கனவல்ல. 1912-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார், தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த ஓர் இளைஞர். பின்னர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1923-ல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் எழுதினார். 1942-ல் வைசிராய் நிர்வாகக் குழுவிலே தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. 1946-ல் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 மணியாகச் சட்டப்படி குறைந்தது. அவர்தான் அம்பேத்கர்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. முதலாவது, வாயிலைப் பாருங்கள். டில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் படிப்புக்குக் கணிதம் கட்டாயம். பதினொன்றாம் வகுப்பிலே கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதவு அன்றே அடைபடுகிறது. அது அடைபட்டதை வீட்டிலே ஒருவரும் அறிவதில்லை. பொருளாதாரத்திலே நாட்டமுள்ள பிள்ளையைக் கணிதத்தை விடாமல் படிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்ட பிள்ளைக்கு நம் அரசுக் கல்லூரிகள் முதலாண்டிலேயே அடிப்படைக் கணிதமும் புள்ளியியலும் பொறுமையாகக் கற்பிக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளாதார மாணவரும் பட்டம் பெறுமுன் ஓர் ஊரை, ஒரு தொழிற்பேட்டையை, ஒரு சந்தையை நேரிலே அளந்து தமிழில் எழுதட்டும். மூன்றாவது, சங்கக் கட்டடங்கள் மாலையிலே பூட்டிக் கிடக்க வேண்டாம். பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அழையுங்கள். பஞ்சப்படிக் கணக்கை அவர்கள் விளக்கட்டும். ஆலை நடப்பை நீங்கள் விளக்குங்கள்.

அடுத்த முறை பக்கத்து வீட்டார் குரலைத் தாழ்த்திக் கேட்டால், நீங்கள் குரலை உயர்த்தியே சொல்லுங்கள்: "என் மகள் பொருளாதாரம் படிக்கிறாள். நம் சம்பளக் கணக்கை நாமே சரிபார்க்கப் போகிறோம்!"