சேவையாம் சேவை!

போன ஞாயித்துக்கிழமை மதுரையில ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில பக்கத்து இலைக்காரர், அப்பாவுக்குத் தெரிஞ்சவர், "தம்பி சாப்ட்வேரா? பேக்கேஜ் எவ்வளவு?" என்று விசாரித்தார். சொன்னேன். பரம திருப்தி. அடுத்து என் சித்தி பொண்ணு பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா பண்றே?"

"ஸ்டாஃப் நர்ஸுங்க மாமா. அடுத்த மாசம் இங்கிலாந்து போறேன்."

அவ்வளவுதான், மனுஷனுக்கு முகம் மாறிடுச்சு. "என்னம்மா இது, சேவைத் தொழிலாச்சே! எல்லாரும் இப்படிக் காசுக்காக ஓடிட்டா நம்ம ஜனங்களை யாரு பாத்துக்கறது?"

என்கூட பொட்டி தட்டின பாதிப்பேர் அமெரிக்காவுல இருக்கான். அவனுங்களை எந்தப் பந்தியிலயும் எவரும் இப்படிக் கேட்டதில்லை. "ஆன்சைட் போயிட்டானா, பேஷ் பேஷ்"தான். அவ சிரிச்சிட்டு ரசம் கேட்டா. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா மக்களே?

அவ என்னைவிட ஐந்து மாசம் இளையவ. 2014-ல ரெண்டு பேரும் பிளஸ் டூ முடிச்சோம். நான் பி.ஈ., அவ பி.எஸ்சி. நர்சிங். ரெண்டுமே நாலு வருஷப் படிப்பு. நான் அந்த நாலு வருஷத்துல ரெண்டு அரியர் வெச்சு, லேப் ரெக்கார்டை அடுத்தவனைப் பாத்து எழுதி, எப்படியோ கரையேறினேன். அவளுக்குக் காலையில வார்டு, மத்தியானம் வகுப்பு, ராத்திரி கேஸ் ஷீட். 2018-ல ரெண்டு பேருக்கும் வேலை. எனக்கு வருஷம் மூணரை லட்சம். முதல் ஆறு மாசம் பெஞ்சுல உக்காந்து காபி குடிச்சதுக்கும் சேத்துத்தான். அவளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில மாசம் 9,500 ரூபாய். அதுலயும் ஹாஸ்டல், யூனிஃபார்ம்னு பிடித்தம். ரெண்டு வருஷம் பாண்டு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எல்லாம் வாங்கி பீரோவுல பூட்டிக்கிட்டாங்க. என் சர்ட்டிபிகேட்டை என் கம்பெனி ஒருநாள் பாத்துட்டு அன்னைக்கே கையில கொடுத்துட்டான்.

வேலை? ராத்திரி 12 மணி நேரம், 22 கட்டில், ரெண்டு நர்ஸ். ஒருத்தி லீவு போட்டா மத்தவ ஒத்தை ஆள். இந்திய நர்சிங் கவுன்சிலோட அளவுகோல் என்ன தெரியுமா? பொது மருத்துவமனையில 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைன்னா 3 பேருக்கு ஒருத்தர். என் கோடுல தப்பு வந்தா பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுட்டு மேனேஜர்கிட்ட ரெண்டு திட்டு வாங்கிக்கலாம். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காம நேரா நரம்புல ஏத்தினா இதயம் நின்னுடும். அங்கே பழைய வெர்ஷன் கிடையாது சாமி.

சரி, நர்ஸ் மட்டும்தானா? ஸ்கேன் ரூமுக்கு வாங்க.

எம்.பி.பி.எஸ். முடிச்சவங்க மேற்படிப்புக்கு முண்டியடிச்சு எடுக்கற சீட்டுகள்ல ஒண்ணு ரேடியாலஜி. தப்பில்லை, படிச்சு வர்றாங்க. ஆனா உங்களை அந்த டேபிள்ல படுக்க வெச்சு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, படத்தை எடுக்கறது டாக்டர் இல்லை, ரேடியோகிராஃபர். படம் கெட்டா ரிப்போர்ட்டும் கெட்டுச்சு. என் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் இதுல பட்டம் வாங்கிட்டு ஒரு ஸ்கேன் சென்டர்ல ராத்திரி ஷிஃப்ட் பாக்கறான். ராத்திரி எடுக்கற சி.டி. படத்தைப் பாத்து வேற ஊர்ல இருக்கற டாக்டர் ரிப்போர்ட் அனுப்புவார். சென்டர்ல இருக்கறது இவனும் வாட்ச்மேனும்தான். எல்லாரும் இவனைக் கூப்பிடறது "ஆப்பரேட்டர் தம்பி". சம்பளம் 14,000.

இதைவிடக் கொடுமை ஒண்ணு சொல்றேன். கதிர்வீச்சுல வேலை பாக்கறவங்க நெஞ்சுல டி.எல்.டி. பேட்ஜ்னு ஒண்ணு மாட்டணும். உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்குன்னு மூணு மாசத்துக்கு ஒருதரம் அதை அனுப்பிப் பாப்பாங்க. அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30-ஐத் தாண்டக் கூடாது. நம்மாளு சென்டர்ல அந்த பேட்ஜ் எங்க இருக்கு? மேஜை டிராயர்ல! கணக்கு கூடினா விசாரணை வரும்னு முதலாளி பத்திரமா வெச்சிருக்கார். காகிதத்துல என் நண்பன் மேல கதிரே படலை. ரொம்ப ஆரோக்கியமான ஆளு :-(

இப்போ சட்டம் பேசறவங்களுக்கு. தனியார் மருத்துவமனை நர்ஸுகளோட சம்பளத்தைப் பத்தி ஆராயக் குழு போடுங்கன்னு 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொல்லுச்சு. குழு போட்டாங்க, பரிந்துரையும் வந்துச்சு. 200 கட்டிலுக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100-லேர்ந்து 200 வரைன்னா 10 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. 50-லேர்ந்து 100 வரைன்னா 25 சதவீதம். 50-க்குக் கீழேன்னாகூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளாவுல நர்ஸுங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க. 2018 ஏப்ரல்ல அந்த அரசு 20,000-ஐக் குறைந்தபட்சமா அறிவிச்சுது. எங்க வீட்டு சம்பளச் சீட்டுல அந்தப் பரிந்துரையோட வாசனைகூட வரலை.

"சின்ன ஆஸ்பத்திரி எங்கேருந்து கொடுக்கும்?"னு கேக்கறீங்களா? அதுக்குத்தானே கட்டில் எண்ணிக்கை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. "ஆள் நிறைய இருக்காங்க, அதான் சம்பளம் கம்மி"ன்னு பொருளாதாரம் பேசற நண்பர்களே, ஆள் அவ்வளவு இருந்தா 22 கட்டிலுக்கு ஒருத்தி ஏன் ஓடறா? ஆள் இல்லாம இல்லை, வைக்கறதில்லை. சி.டி. மெஷின் வாங்கின கடனுக்கு பேங்க்காரன்கிட்ட "சேவை சார், கொஞ்சம் குறைச்சுக்கங்க"ன்னு யாராவது கேட்டிருக்காங்களா? பில்லுல நர்சிங் சார்ஜ்னு தனி வரி போடறாங்களே, அதுலயாவது சேவைத் தள்ளுபடி உண்டா? முதலாளிக்குத் தொழில், நோயாளிக்குச் செலவு, நர்ஸுக்கு மட்டும் சேவை. நல்லா இருக்குய்யா நியாயம்.

அரசு மட்டும் யோக்கியமான்னா, அதுவும் இல்லை. 2015-ல தேர்வு வெச்சு எடுத்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பினவங்க, 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல உக்காந்து போராட வேண்டி வந்துச்சு.

அடுத்தது என் சொந்தக் கதை. 2021 மே மாசம் அப்பாவுக்கு கொரோனா. அரசு மருத்துவமனையில ஆக்சிஜன் கட்டில். எங்களை உள்ளே விடலை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன்: "பயப்படாதீங்க அண்ணே, ஐயாவைக் குப்புறப் படுக்க வெச்சிருக்கேன், ஆக்சிஜன் அளவு ஏறுது." பிபிஈ கவசத்துக்குள்ள வேர்வையில நனைஞ்சுக்கிட்டு, தன்னோட செல்போன்லேர்ந்து பேசின ஒப்பந்த நர்ஸ் அது. அப்பா இப்போ நல்லா இருக்கார், தினம் என்னைத் திட்டற அளவுக்கு. அந்தப் பொண்ணு? கொரோனாவுக்காக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளோட ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31-ஓட முடிச்சாங்களே, அதுல அவங்களும் ஒருத்தர். அவங்க வாங்கின சம்பளம் 14,000. அப்புறம் 18,000-க்கு வேற வேலை தர்றோம்னு அரசு சொல்லுச்சு. அதுவும் தற்காலிகம்தான். 2020 மார்ச்சுல மாடியில நின்னு நாம எல்லாரும் கை தட்டினோம் இல்லையா? அதைக் கொண்டுபோய் எந்த மளிகைக் கடையிலயும் மாத்த முடியலையாம்.

என் தங்கச்சி கதைக்கு வர்றேன். பாண்டு முடிஞ்சும் சர்ட்டிபிகேட் வாங்க மூணு மாசம் அலைஞ்சா. அப்புறம் ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டர் தேர்வு, எல்லாம் வார்டு வேலைக்கு நடுவுல. அங்கே போய் இன்னொரு செய்முறைத் தேர்வு பாக்கி. இங்கிலாந்து அரசு மருத்துவமனையில ஒரு நர்ஸோட ஆரம்பச் சம்பளம் 2025-26-ல வருஷம் 31,049 பவுண்டு. அங்கே செலவும் ஜாஸ்திதான், தெரியும். ஆனா அவ சொன்னது வேற: "அண்ணே, காசு ரெண்டாவது. அங்கே ஒரு ராத்திரிக்கு எத்தனை நோயாளின்னு கேட்டேன். அவங்க சொன்ன நம்பரைக் கேட்டு அழுதுட்டேன்."

வெளிநாட்டுக்கு நர்ஸ் அனுப்ப நம்ம தமிழக அரசே ஒரு நிறுவனம் வெச்சிருக்கு. ஆள் அனுப்பறதுக்கு அமைப்பு இருக்கு. இருக்கறவங்களை நிறுத்தி வைக்கத்தான் வழியைக் காணோம்.

பந்தி மாமாவுக்கு நான் அன்னைக்குச் சொல்லாம விட்ட பதில் இதுதான். மாமா, நம்ம ஜனங்களை யாரு பாத்துக்கறதுன்னு கேட்டீங்களே, அந்தக் கேள்வியைக் கேக்க வேண்டிய இடம் அவ இலை இல்லை. சர்ட்டிபிகேட்டைப் பூட்டி வெச்ச பீரோகிட்ட கேளுங்க. பேட்ஜ் தூங்கற டிராயர்கிட்ட கேளுங்க. 7,700-னு கையெழுத்துப் போட்ட கோப்புகிட்ட கேளுங்க. நாலு வருஷம் படிச்சவளுக்கு நாலு வருஷம் படிச்சவனோட மரியாதையும் கூலியும் கொடுத்துட்டு, அப்புறமா சேவை பத்திப் பேசலாம்.

டிஸ்கி: அடுத்த தடவை ஆஸ்பத்திரி போனா நர்ஸோட பேரைக் கேட்டுக் கூப்பிடுங்க. ஸ்கேன் எடுக்கற தம்பி நெஞ்சுல பேட்ஜ் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஏன்னு முதலாளிகிட்ட கேளுங்க, தம்பிகிட்ட இல்லை. பின்னூட்டத்துல "சேவை மனப்பான்மை குறைஞ்சு போச்சு"ன்னு எழுதப் போற அன்பர்கள், முதல்ல உங்க சம்பளச் சீட்டை ஒட்டிட்டு ஆரம்பிக்கவும் :-)