கோட்டையா, சிறையா?

வேலியே பயிரை மேய்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வீட்டுக்காரனே திருடனுக்கு மதில் எழுப்பிக் கொடுத்ததைக் கேட்டிருக்கிறீர்களா? கணையத்தில் வரும் புற்றுநோயில் இந்த விபரீதந்தான் நடக்கிறது.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் உறுப்பு. அங்கே நட்சத்திர வடிவில் சில ஜீவ அணுக்கள் உண்டு. 1998-ல் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இவற்றைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். சாதாரண நாட்களில் இவை வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா தூங்குகின்றன. புற்றுநோய் வந்து எழுப்பிவிட்டாலோ, போச்சு! கையிருந்த வைட்டமினைத் தொலைத்துவிட்டு, காயம்பட்ட இடத்தில் தழும்பு கட்டுவதுபோல் நார் நாராக மதில் எழுப்பத் தொடங்கிவிடும். சில கட்டிகளில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இந்த மதில்தான். நோய் அணுக்கள் சொற்பம். மதிலின் இறுக்கத்தில் ரத்தக் குழாய்கள் நசுங்கிவிடுவதால், டாக்டர் ஏற்றும் மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேருவதில்லை.

"மதிலை இடித்துவிட்டால் தீர்ந்தது!" என்றுதானே சொல்கிறீர்கள்? விஞ்ஞானிகளும் அப்படித்தான் எண்ணினார்கள். 2009-ல், மதிலைக் கரைக்கும் மருந்து ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜெம்சிட்டபின் என்ற புற்றுநோய் மருந்து கட்டிக்குள் தாராளமாகப் புகுந்தது. எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. பிறகு நோயாளிகளிடம் பரீட்சை. ஆனால் 2012 ஜனவரியில் அதை நிறுத்த வேண்டி வந்தது. ஜெம்சிட்டபினுடன் புது மருந்தையும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சீக்கிரம் இறந்துகொண்டிருந்தார்கள்!

காரணம் 2014-ல் ஓரளவு விளங்கிற்று. எலிகளில் மதில் கட்டும் அணுக்களை ஒழித்தபோது, புற்றுநோய் இன்னும் மூர்க்கமாயிற்று. திருடனுக்குக் கோட்டையாக இருந்த மதிலே அவனுக்குச் சிறையாகவும் இருந்திருக்கிறது!

ஆகவே யோசனை மாறியது. 'இடிக்க வேண்டாம், விழித்த அணுக்களை மறுபடி தூங்க வைப்போம்' என்று சிலர் கிளம்பினார்கள். வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றைக் கீமோதெரபியுடன் சேர்த்து லண்டனில் முதற்கட்டப் பரீட்சை நடத்தி, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. நோயை வெல்லுமா என்பதை அடுத்த கட்டங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்குள் வைட்டமின் ஏ மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு ஓடிவிடாதீர்கள்! அது மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு.

2012-ல் நிறுத்தப்பட்ட அந்தப் பரீட்சைக்கு உடன்பட்ட நோயாளிகளுக்குப் பலன் கிட்டவில்லை. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு மதிலை இடிக்கக் கூடாது என்ற பாடம் வைத்தியத்துக்குக் கிடைத்தது அவர்களால்தான்.