நடுவரை வைப்பது யார்? கையெழுத்துக்கு முன் கேளுங்கள்!

கோர்ட்டுப் படி ஏறாமலே தகராறை முடித்துக்கொள்ளலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? வாடகைத் தகராறு, கடன் பாக்கி, பாகப்பிரிவினை என்று வாய்தா மேல் வாய்தா வாங்கி, செருப்புத் தேய்ந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு வழி காட்டத்தான் சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் 2005-ம் ஆண்டு சமரச மையம் திறக்கப்பட்டது. அங்கே இரு தரப்பாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். சமரசம் செய்பவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஒத்துவரவில்லையா? எழுந்து வந்துவிடலாம். வழக்கு பழையபடி கோர்ட்டில் நடக்கும். அங்கே பேசியதை இங்கே சாட்சியமாக்க முடியாது.

சமரசம் ஆனால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பாரும் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் கட்டணம் உண்டு என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. தாராளமாகப் போகலாம்!

ஆனால் "வெளியே முடித்துக்கொள்ளலாம்" என்ற அதே பேச்சில் இன்னொரு சரக்கும் விற்கிறது. அதன் பெயர் நடுவர் ஒப்பந்தம். வக்கீல்கள் பாஷையில் ஆர்பிட்ரேஷன். இதில் எழுந்து வர முடியாது. நடுவர் சொன்னால் சொன்னதுதான்.

கடுகு எழுத்து

தவணையில் சரக்கு ஆட்டோ வாங்கப் போகிறார் ஒருவர். "இங்க போடுங்க சார், அப்புறம் இங்க, கடைசியா இங்க" என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். போடுகிறார். கடுகு போன்ற எழுத்தில் என்ன இருக்கிறது? தகராறு வந்தால் நடுவர்தான் தீர்ப்பார், நடுவரை கம்பெனியே நியமிக்கும் என்று இருக்கும்.

நாலு தவணை தவறுகிறது. ஒரு உறை வருகிறது. "கோர்ட்டு நோட்டீஸ் இல்லியே" என்று அலமாரியில் செருகி வைக்கிறார். அவர் போகாவிட்டாலும் விசாரணை நடக்கும். தீர்ப்பும் வரும். அது கோர்ட்டு டிகிரிக்குச் சமம். அதை வைத்து ஜப்தி வரை போகலாம். வழக்கமான அப்பீல் கிடையாது. குறிப்பிட்ட சில காரணங்களுக்காக மட்டும், தீர்ப்பு நகல் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் கோர்ட்டில் ஆட்சேபிக்கலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அவ்வளவுதான்!

வழக்கின் முடிவில் லாப நஷ்டம் உள்ளவரே தனி நடுவரை நியமிப்பது கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2024 நவம்பரில், அரசு ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே தனி நடுவரை வைத்துக்கொள்வது சமத்துவத்துக்கு விரோதம் என்று 5 நீதிபதிகள் பெஞ்சும் சொன்னது. பலே தீர்ப்புகள்! ஆனால் அலமாரியில் உறை தூங்கினால் அவற்றை யார் எடுத்துச் சொல்வது?

நடுவர் முறையே மோசம் என்பதல்ல. இரண்டு வியாபாரிகள் சேர்ந்து பொதுவான ஒருவரை வைத்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடு. இரு தரப்பு மனுக்களும் தாக்கலான 12 மாதத்துக்குள் நடுவர் தீர்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். கோர்ட்டில் அந்த வேகம் ஏது? கோளாறெல்லாம் ஒரு பக்கத்து ஆளே நடுவராக வந்து உட்காருவதில்தான்.

"நடுவரை இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும்" என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் வேறு கம்பெனி இல்லையா? ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள், உறை வந்த அன்றே வக்கீலிடம் காட்டி, "இந்த நடுவருக்கு எங்கள் சம்மதம் இல்லை" என்று பதில் எழுத வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாத ஏழைகளுக்கு கோர்ட்டு வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பதிலில் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.