எஸ்டி கார்டைத் திட்டாதீங்க!

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் எந்த லேபிலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். "நேத்து நைட் வரைக்கும் நல்லா ஓடுச்சு மச்சி, இன்னிக்கு பூட்டே ஆக மாட்டேங்குது!" பார்த்தால் ராஸ்பெர்ரி பையில் செருகியிருந்த மைக்ரோ எஸ்டி கார்டு மண்டையைப் போட்டிருக்கும். கூடவே தீர்ப்பும் ரெடியாக வரும்: "கார்டே மட்டம்டா. எஸ்எஸ்டி வாங்கியிருக்கணும்."

இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை மக்களே. கார்டு குற்றவாளி அல்ல, ஹார்ட் டிஸ்க் செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டுவதுதான் குற்றம் என்பது என் கட்சி.

முதலில் என் தரப்பு சாட்சி. 1992-ல் வந்த அமிகா 1200 என்ற கம்ப்யூட்டரை இன்றும் ஆசையாக வைத்து ஓட்டும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டால் அவர்கள் செருகுவது காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. 1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்த இந்தக் கார்டுக்கு ஐடிஇ ஹார்ட் டிஸ்க் மாதிரியே பேசத் தெரியும். அதனால் நடுவில் வைக்கும் அடாப்டரில் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒரு பக்கத்துப் பின்னை மறுபக்கத்தோடு இணைக்கும் கம்பிகள்தான். பழைய டாஸ் பிசி வைத்திருப்பவர்களும் இதையே செய்கிறார்கள். சத்தம் இல்லை, சூடு இல்லை, ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

அங்கே வருஷக்கணக்கில் உழைப்பது இங்கே ஏன் சில மாதத்தில் சாகிறது?

ஃப்ளாஷ் மெமரியின் குணம் அப்படி. எத்தனை முறை படித்தாலும் அதற்குப் பெரிதாக வலிக்காது. எழுதினால்தான் வலி. சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பது பெரிய கட்டமாகத்தான் முடியும். ஒரு கட்டம் பல நூறு கேபி முதல் சில எம்பி வரை இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஆயுள் உண்டு. ஒரு செல்லில் ஒரு பிட் வைக்கும் பழைய எஸ்எல்சி வகைக்கு சுமார் 1,00,000 முறை. ஒரு செல்லில் மூன்று பிட் திணிக்கும் டிஎல்சி வகைக்கு ஆயிரக்கணக்கில்தான்.

"அப்போ பழைய கார்டு நல்லது, புதுசு மட்டம், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, டாஸும் அமிகாவும் நாம் சேமிக்கச் சொன்னால் ஒழிய டிஸ்க்கைத் தொடுவது அபூர்வம். லினக்ஸ் அப்படி இல்லை. நீங்கள் சும்மா இருந்தாலும் அது லாக் எழுதிக்கொண்டே இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா? ஒரு வெப்பநிலை சென்சார் ப்ராஜெக்ட். நொடிக்கு ஒரு வரி, வரிக்கு 50 பைட். ஒரு நாளைக்கு 86,400 வரி, மொத்தம் வெறும் 4.3 எம்பி. ஆனால் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் கார்டில் எழுதச் சொன்னால், ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு முறையும் குறைந்தது 4 கேபி எழுதும். நாளைக்கு 345 எம்பி ஆகிவிட்டது! ஜர்னலும் கார்டு உள்ளுக்குள் செய்யும் இடமாற்றங்களும் தனி. அதே வரிகளை மெமரியில் சேர்த்து வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால்? நாளைக்கு 144 தடவை எழுதினால் போதும். கரன்ட் போனால் கடைசிப் பத்து நிமிடக் கணக்கு போகும். வெப்பநிலை அளக்கும் ப்ராஜெக்டுக்கு அது ஒரு நஷ்டமே இல்லை.

இது மாணவர்கள் வட்டத்தில் மட்டும் நடக்கும் கூத்தும் அல்ல. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் இருந்த 8 ஜிபி ஃப்ளாஷ் சிப் இப்படி எழுதி எழுதியே தேய்ந்து, நடுத் திரை செயலிழந்தது. 2021-ல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் காரிலேயே இந்தக் கதி என்றால், விலை உயர்ந்த கார்டு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எப்படி?

ஆக, என் யோசனை இதுதான்: கார்டைப் பாடப்புத்தகமாக வையுங்கள், ரஃப் நோட்டாக ஆக்காதீர்கள். ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போய்விடும், கார்டு படிக்க மட்டும். திடீரென்று ப்ளக்கைப் பிடுங்கினாலும் கார்டு கெடும் பயம் வெகுவாகக் குறையும். ஆனால் அணைத்ததும் ரேமில் உள்ளது போய்விடும், அதனால் வேண்டிய டேட்டாவைத் தனியாக ஒரு பென் டிரைவுக்கோ வேறு கம்ப்யூட்டருக்கோ அனுப்புங்கள். ஸ்வாப் கார்டில் இருந்தால் நிறுத்துங்கள்.

இரண்டு இடத்தில் நான் எதிர்க்கட்சிக்கு வழிவிடுகிறேன். நாள் முழுக்க கேமரா பதிவு, ஓயாமல் மாறும் டேட்டாபேஸ் என்றால் எஸ்எஸ்டியே சரி. அடுத்தது போலி கார்டு. 8 ஜிபியை 64 ஜிபி என்று பொய் சொல்ல வைத்து விற்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். வாங்கியதும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன்? கார்டு போனால் சில நூறு ரூபாயோடு போச்சு. அதற்குள் மட்டுமே இருந்த ஒரு செமஸ்டர் உழைப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. ப்ராஜெக்ட் ஓட ஆரம்பித்த அன்றே கார்டை அப்படியே இமேஜ் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வைவா அன்று காலையில் கார்டு செத்தாலும், அரை மணி நேரத்தில் இன்னொரு கார்டில் அதே ப்ராஜெக்ட் எழுந்து நிற்கும் :-)