மகள் எழுதாமல் விட்ட மாவு மூட்டை

உலகம் கொண்டாடிய ஒரு விவசாயியின் கதையில் இடம்பெறாமல் போன வரவு செலவு

1875ஆம் ஆண்டு. குளிர்காலம் தொடங்கும் நேரம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சார்லஸ் இங்கால்ஸ் என்ற 39 வயது விவசாயி ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தன்னிடம் எந்த வசதியும் மிச்சமில்லை என்று சத்தியம் செய்து தரும் பத்திரம் அது. அப்படிச் சத்தியம் செய்தவர்களுக்குத்தான் மாநில அரசின் நிவாரணம். அவருக்குக் கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு. மதிப்பு 5 டாலர் 25 சென்ட். வீட்டில் மனைவி கரோலின், மூன்று பெண் குழந்தைகள், பிறந்து சில வாரங்களே ஆன ஓர் ஆண் குழந்தை.

அந்த மூன்று பெண்களில் நடுவிலவள் லாரா. அவர்தான் பிற்காலத்தில் லாரா இங்கால்ஸ் வைல்டர் என்ற பெயரில் 1932 முதல் 1943 வரை எட்டு நாவல்கள் எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1974 முதல் 1983 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய தொடர், அவரது அப்பாவை வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதராக்கியது. கோடாரியும் பிடிலுமாக, யாரிடமும் கை நீட்டாமல், சொந்த உழைப்பில் குடும்பத்தைக் காத்த புல்வெளி விவசாயி. அந்த நாவல்கள் எதிலும் இந்த மாவு இல்லை.

சார்லஸ் 1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். குடும்பம் மேற்கு நோக்கி நகர, அவரும் நகர்ந்தார். 1860இல் விஸ்கான்சினில் கரோலினை மணந்தார். பெப்பின் என்ற ஊரின் அருகே காட்டு வீட்டில் மேரியும் லாராவும் பிறந்தனர். அந்த நிலத்தைத் தவணைக்கு விற்றுவிட்டு, மிசூரி வழியாக 1869இல் கான்சாஸ் போனார். அங்கே அவர் வீடு கட்டிய நிலம் அரசுடையதும் அல்ல, அவருடையதும் அல்ல. ஒசேஜ் இனப் பழங்குடி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட பூமி அது. அவர்களை வெளியேற்ற 1870இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. இன்றைய ஓக்லஹோமா பகுதிக்கு ஒசேஜ் மக்கள் மூட்டை கட்டினார்கள். ஆனால் நிலம் கைக்கு வருமுன்னே சார்லஸும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவரால் தவணை கட்ட முடியவில்லை. 1871இல் குடும்பம் பழைய இடத்துக்கே திரும்பியது.

இந்தக் கான்சாஸ் வாழ்க்கையைப் பற்றிய நாவல் 1935இல் வெளிவந்தது. அந்த வெளியில் மக்களே இல்லை, செவ்விந்தியர் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தார் லாரா. அப்படியானால் செவ்விந்தியர் மக்கள் இல்லையா என்ற கேள்வி எழ ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1953இல் அந்தச் சொல் 'குடியேறிகள்' என்று திருத்தப்பட்டது.

1874இல் சார்லஸ் மினசோட்டாவின் வால்நட் குரோவ் ஊருக்கு வந்தார். ஓடைக் கரையைக் குடைந்த மண் வீட்டில் முதலில் வாசம். கோதுமையை நம்பி மரவீடு எழுப்பினார். விளைந்த கதிரைக் கண்ணால் பார்த்தார், அறுக்கத்தான் முடியவில்லை. ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. 1873 முதல் 1877 வரை மினசோட்டாவை அவை விடவில்லை. 1875இல் நெப்ராஸ்காவில் ஒரு கூட்டத்தைக் கணக்கிட்ட மருத்துவர் ஒருவர், அதன் நீளம் சுமார் 1,800 மைல், அகலம் 110 மைல் என்று மதிப்பிட்டார். பயிரைத் தின்றதோடு போகாமல் மண்ணில் முட்டையிட்டுப் போயின. ஆகவே அடுத்த ஆண்டின் விளைச்சலும் அப்போதே போனது. சார்லஸ் கிழக்கே நடந்துபோய் அடுத்தவர் வயலில் அறுவடைக் கூலி வேலை செய்து பணம் கொண்டுவந்தார். நாவலில் இது உண்டு. அந்தக் கூலியும் போதாமல் போனபோது வாங்கியதுதான் அந்த மாவு.

நிவாரணம் கேட்பது அன்று சாதாரண அவமானம் அல்ல. 1876இல் மினசோட்டா ஆளுநரானவர் ஜான் பில்ஸ்பரி. பின்னாளில் இந்தியக் கடைகளிலும் கோதுமை மாவுப் பைகளில் இடம்பிடித்த அந்தப் பெயருக்குரிய ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். உதவி கொடுத்தால் விவசாயிகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது அவரது கருத்து. வெட்டுக்கிளி ஒழிய வேண்டி 1877 ஏப்ரல் 26ஐ மாநிலம் முழுவதற்கும் பிரார்த்தனை நாளாக அறிவித்தார்.

அதற்குள் சார்லஸ் நிலத்தை விற்றுவிட்டிருந்தார். அயோவாவின் பர் ஓக் என்ற ஊரில் ஒரு விடுதியை நடத்த உதவும் வேலை கிடைத்தது. போகும் வழியில், உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, 1876 ஆகஸ்டில் பச்சைக் குழந்தை பிரெடி இறந்தான். வயது ஒன்பது மாதம். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகன். பர் ஓக்கில் கடைசி மகள் கிரேஸ் பிறந்தாள். அங்கும் கடன் கழுத்தை நெரிக்கவே, ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் வண்டி கட்டி மினசோட்டாவுக்கே திரும்பினார்கள். வால்நட் குரோவில் சார்லஸ் தச்சு வேலை செய்தார். கசாப்புக் கடை வைத்தார். சிறுமி லாரா அங்கிருந்த விடுதியில் எடுபிடி வேலை பார்த்தாள். சம்பளம் வாரத்துக்கு 50 சென்ட்.

தம்பியின் பிறப்பும் இறப்பும், பர் ஓக்கும், இரவுப் பயணமும் நாவல்களில் கிடையாது. ஆனால் லாரா அவற்றை ஒரு முறை எழுதத்தான் செய்தார். 1930இல் பெரியவர்களுக்காக எழுதிய தன்வரலாற்றில் அவை உள்ளன. அன்று எந்தப் பதிப்பகமும் அதை ஏற்கவில்லை. அது அச்சேறியது 2014இல்தான்.

1879இல் மூத்த மகள் மேரிக்குப் பார்வை போயிற்று. நாவல் சொல்லும் காரணம் செங்காய்ச்சல். மூளையையும் அதன் உறையையும் தாக்கும் வைரஸ் நோயே காரணமாக இருக்க வேண்டும் என்றது 2013இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு. அதே ஆண்டு ரயில் பாதை போடும் கம்பெனியில் கணக்கர் வேலை கிடைத்து சார்லஸ் டகோட்டா போனார். 1880இல் டி ஸ்மெட் ஊரருகே 160 ஏக்கருக்கு விண்ணப்பித்தார். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, சில டாலர் கட்டணம் செலுத்தி, ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். இந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 16 லட்சம் பேருக்குப் பட்டா கிடைத்தது. மொத்தம் சுமார் 27 கோடி ஏக்கர். அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. உழைப்பவருக்கு நிலம் என்பது நல்ல கொள்கைதான். ஆனால் மழை குறைந்த மேற்கில் இந்த அளவு நிலம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது என்று ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியலாளர் 1878லேயே அரசுக்கு அறிக்கை தந்திருந்தார். ஏர் போகும் இடத்துக்கு மழை பின்தொடரும் என்ற பேச்சைத்தான் ஜனங்கள் நம்ப விரும்பினார்கள்.

முதல் குளிர்காலமே பேய்க் குளிர்காலம். 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் மாதக் கணக்கில் ஓயவில்லை. ரயில் நின்றது. விறகுக்குப் பதில் வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். காபிக் கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தில் கோதுமையை அரைத்துத் தின்றார்கள். நாவலில் அந்த வீட்டில் இங்கால்ஸ் குடும்பம் மட்டுமே இருக்கிறது. உண்மையில் ஓர் இளம் தம்பதியும் அவர்களது கைக்குழந்தையும் அதே கூரையின் கீழ், அதே கோதுமையில் பங்கு கொண்டார்கள்.

மேரி 1881இல் அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்தாள். லாரா பதின்ம வயதிலேயே வாத்தியார் வேலைக்குப் போய் இரண்டு மாதத்தில் சம்பாதித்த 40 டாலரை வீட்டில் கொடுத்தாள். இது நாவலில் உண்டு. மேரியின் கல்விக் கட்டணத்தை டகோட்டா அரசு செலுத்தியது என்பது நாவலில் இல்லை.

ஏன் இந்த மௌனம்? நாவல்கள் எழுதப்பட்ட 1930களில் அமெரிக்கா மீண்டும் பஞ்சத்தில் இருந்தது. ரூஸ்வெல்ட் அரசு விவசாயிகளுக்கு நிவாரணம் கொடுத்தது. லாராவுக்கும், நூல்களைச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேனுக்கும் அது அறவே பிடிக்கவில்லை. நம் முன்னோர் யாரிடமும் வாங்கவில்லையே என்பது அவர்கள் வாதம். இத்தனைக்கும் லாராவே மிசூரியில் மத்திய அரசின் விவசாயக் கடனை வழங்கும் உள்ளூர்ச் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்த மகளின் பாசம் புரிகிறது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். வறட்சியில் எல்லாம் இழந்து நிவாரண வரிசையில் நின்ற 1930களின் விவசாயிகள், அப்பழுக்கற்ற அந்த 'அப்பா'வோடு ஒப்பிடப்பட்டுக் குற்றவாளிகளானார்கள். அந்த வரிசையில் அவரும் நின்றவர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

1886இல் சார்லஸுக்குப் பட்டா உறுதியானது. அடுத்த ஆண்டே ஊருக்குள் வீடு கட்டிக் குடியேறினார். 1892இல் நிலத்தை விற்றார். தச்சர், கடைக்காரர், ஊர்க் குமாஸ்தா, உள்ளூர் நீதிபதி என்று பல வேலைகள் அவரைக் காப்பாற்றின, விவசாயம் காப்பாற்றவில்லை. கல்லூரி முடித்து வந்த மேரி, குதிரைகளுக்கு ஈ மொய்க்காமலிருக்கப் போடும் வலைகளைப் பின்னிக் காசு சேர்த்தாள்.

1902இல் அப்பா படுத்த படுக்கையானபோது லாரா மிசூரியிலிருந்து ரயிலேறி வந்தார். ஜூன் 8 அன்று 66 வயதில் சார்லஸ் காலமானார். விசித்திரம், ராக்கி மலை வெட்டுக்கிளியும் உயிரோடு கடைசியாகக் காணப்பட்டது அதே 1902இல், கனடாவில். மலைப் பள்ளத்தாக்குகளில் அது முட்டையிட்ட மண்ணை விவசாயிகளின் ஏரும் மாடுகளும் கிளறியதால்தான் அந்த இனமே அழிந்தது என்பது பூச்சியியலாளர்கள் தரும் விளக்கம். சார்லஸைத் தோற்கடித்த பூச்சியை, அவரைப் போன்றவர்கள் தங்களுக்கே தெரியாமல் தோற்கடித்திருக்கிறார்கள்.

நான்கு மகள்களில் லாராவுக்கு மட்டுமே குழந்தை தங்கியது. அந்த ரோஸும் 1968இல் வாரிசின்றி இறக்க, சார்லஸின் நேர்வழி அற்றுப்போனது. அவரது பிடில் மிசூரியின் மான்ஸ்ஃபீல்டு ஊரில் லாரா வாழ்ந்த இடத்திலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலம் ஒசேஜ் மக்களிடமிருந்தும் அரசிடமிருந்தும், சம்பளம் ரயில் கம்பெனியிடமிருந்தும், மகளின் படிப்பு டகோட்டாவிடமிருந்தும், மாவு மினசோட்டாவிடமிருந்தும் வந்தன. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மறுநாள் காலை வேலை தேடிப் போனது மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. நான்கு பெண்களும் வளர்ந்து ஆளானார்கள். ஐந்தேகால் டாலர் மாவை மறைத்துத்தான் அந்த மனிதருக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்ற அவசியம் இருக்கவில்லை.