இயற்பியலுக்குத் திரும்பி வருவோர்க்கு இந்தியும் ஆங்கிலமுந்தாம் வாயிலோ?

இளங்கலை இயற்பியலைத் தமிழ்வழியே கற்று, முதுகலையை ஆங்கிலத்தோடு முட்டி மோதி முடித்து, இல்லச்சுமை காரணமாகப் பத்தாண்டுகள் பள்ளியாசிரியராகவோ பட்டறைப் பணியாளராகவோ உழைத்தபின், மீண்டும் ஆய்வுப் படிப்புக்கு வர விரும்பும் தமிழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் அவர் எதை மறந்திருப்பார்? உந்தம் அழியாது என்பதையா? மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று ஈன்று ஒளியாய் விரைவதையா? இல்லை. துருவேறிய தொகையீடும் வகையீடும் ஆறு திங்கள் உழைப்பில் மீண்டுவிடும். என்றுமே அவர்க்கு உரியதாகாமல் வெறும் மனப்பாடமாய் ஒட்டியிருந்த ஆங்கிலமே உதிர்ந்து போயிருக்கும்.

அந்த ஆங்கிலத்தைக் கேட்டுத்தான் வாயிற்காவலன் நிற்கிறான். நடுவணரசு நடத்தும் 'நெட்' தகுதித் தேர்வில் இயற்பியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. 180 மணித்துளிகளில் 55 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணித்துளிக்குச் சற்றே மிகுதி. தவறினால் மதிப்பெண்ணில் காற்பங்கு கழிவு. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் வினாவைப் படித்தவுடன் கணக்கில் இறங்குகிறார். நம்மவரோ முதலில் மொழியைக் கடந்து, பின்னரே இயற்பியலைத் தொடுகிறார். இதற்குப் பெயர் ஒரே நாட்டின் ஒரே தேர்வாம்!

ஆய்வு உதவித்தொகைக்கு அகவை வரம்பு வேறு உண்டு. அதையாவது மகளிர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் சில ஆண்டுகள் தளர்த்துகின்றனர். மொழித்தடையைத் தளர்த்த எவருமில்லை.

மருத்துவக் கல்விக்கான 'நீட்' தேர்வு (அதை நாம் ஏற்கவில்லை என்பது வேறு) தமிழிலும் வருகிறது. நடுவணரசின் காவற்படைகளில் காவலராகச் சேரும் தேர்வு 2024 முதல் தமிழிலும் எழுதத்தக்கதாயிற்று. துமுக்கி தூக்குவதற்குத் தமிழ் போதுமாம். துகளை ஆராய்வதற்குத் தமிழ் போதாதாம்!

'இயற்பியலுக்குத் தமிழிற் சொல் ஏது?' என்பார் உளர். முடுக்கம், நிலைமம், விளிம்பு விளைவு, வெப்ப இயக்கவியல் என்று நம் பள்ளிப்பிள்ளைகள் நாளும் எழுதுவன எம்மொழிச் சொற்கள்? 1960களிலும் 70களிலும் கல்லூரிப் பாடங்களுக்கென்றே தமிழ்நூல்கள் நூற்றுக்கணக்கில் அச்சேறினவே! 'குவாண்டம்' என்பதைத் துளிமம் என்பதா, குவையம் என்பதா என நமக்குள் பூசல் உண்டு. அது வீட்டுப் பூசல். அதைக் காட்டித் தமிழை வெளியில் நிறுத்த எவர்க்கும் உரிமையில்லை.

சப்பானியரைப் பாருங்கள். தொமோனாகா 1943இல் தம் கோட்பாட்டைச் சப்பானிய மொழியிலேயே வெளியிட்டார். போர் முடிந்தபின் 1946இல்தான் அஃது ஆங்கிலமாயிற்று. 1965இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 2008இல் அப்பரிசு பெற்ற மசுகாவா, தமக்கு ஆங்கிலம் பேச வராது என்று அவையிலேயே கூறித் தம் தாய்மொழியில் உரையாற்றினார். இயற்பியல் அதனால் குறைந்துவிட்டதா? பணியிலிருந்து திரும்பிப் படிக்க வருவோர்க்கென அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனிச் சேர்க்கைமுறையே உண்டு. பல்கலைக்கழகத்திற் பயிலாமலே ஆய்வேட்டை அளித்து முனைவராகும் வழியும் உண்டு. அங்குத் திரும்பி வருபவர் தம் மொழிக்கே திரும்பி வருகிறார்.

'இராமன் ஆங்கிலத்தாலன்றோ உயர்ந்தார்' என்பர். 1907 முதல் 1917 வரை பத்தாண்டுகள் கணக்குத்துறையில் அலுவல் பார்த்துவிட்டுப் பேராசிரியராய்த் திரும்பியவர்தாம் அவர். ஆனால் அவர் தந்தையே கல்லூரி விரிவுரையாளர். அவ்வீட்டில் ஆங்கிலம் அயலாயிருக்கவில்லை. உள்ளே போன ஒருவரைக் காட்டுகின்றீர்களே, வாயிலிலேயே திருப்பப்பட்ட உழவர்வீட்டுப் பிள்ளைகளை எண்ணியவர் யார்?

ஆங்கிலமே வேண்டா என்கிலேம். ஆய்வுத்தாள் எழுத அது வேண்டும். உள்ளே வந்தபின் கற்கலாம். இந்திக்குப் பக்கத்தில் தமிழையும் அச்சிடுக என்பதே கேட்பு. நடுவணரசை மட்டும் வைதும் பயனில்லை. முதுகலை இயற்பியலைத் தமிழ்வழியே நடத்தவும், இடைவெளிக்குப்பின் வருவோர்க்கு ஓராண்டுத் தமிழ்வழி மீள்பயிற்சி அளிக்கவும் தமிழ்நாட்டரசு எவர் இசைவுக்குக் காத்திருக்கிறது?

அடுத்த தேர்வறிவிப்பு வருமுன் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் உயர்கல்வி அமைச்சர்க்கும் ஆளுக்கோர் அஞ்சலட்டை எழுதுங்கள்.